செவி நூலும் இயற்பகுப்பும்



விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூளையிலிருந்து வெளிவந்த கோப்பையைத் தேர்ந்த தொழிலாளி ஒருவர் எவ்வாறு சோதிக்கிறார்? ஒரு கையில் அதனை ஏந்திக்கொண்டு, மறு கையின் விரலால் மெல்லத் தட்டுகிறார். குறையில்லாத கோப்பை மணி போல் ஒலிக்கும். உள்ளே விரிசல் கண்ட கோப்பையோ மந்தமாக ஒலித்து அடங்கிவிடும். கண்ணுக்குப் புலனாகாத பிளவைக் காது கண்டுவிடுகிறது. இன்று நான் சொல்லப் புகும் வரலாறும் கண் செய்ய வேண்டிய வேலை ஒன்றைக் காது ஏற்றுக்கொண்ட வரலாறேயாகும்.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை என்னும் ஊர் இருக்கிறது. அங்கிருந்து நாள்தோறும் பேருந்தில் விருத்தாசலம் சென்று கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்குக் கண்பார்வை இல்லை. வரலாறு அவருடைய பாடம். அன்பர் ஒருவர் பாடநூல் முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் கைபேசியில் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். அப்பதிவு 9 மணி நேரம் ஓடும். நூலில் 18 இயல்கள். மறுநாள் தேர்வு. 11-ஆம் இயலை மட்டும் மீண்டும் ஒரு முறை கேட்க வேண்டும். அஃது அந்த 9 மணி நேரத்தில் எவ்விடத்தில் இருக்கிறது?

பார்வையுள்ள மாணவர் பொருளடக்கத்தைப் பார்த்து, பக்க எண்ணைக் கண்டு, நொடியில் அவ்விடத்தைப் புரட்டிவிடுவார். நம் மாணவருக்கோ அந்நூல் படித்துறை இல்லாத ஆறு. எங்கே இறங்குவது, எங்கே கரையேறுவது என்பது தெரியாது. முன்னும் பின்னுமாக ஓட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரவில் பாதி தேடுவதிலேயே கழிந்துவிடும். நூல் கையில் இருந்தும் இல்லாதது போலவே ஆகிறது. அந்த நீண்ட பதிவை 18 சிறு கோப்புகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டிவிட்டால் இடர்ப்பாடு தீர்ந்துவிடும். பகுப்பவர் யார்? பிறர் வந்து பகுத்துத் தரும்வரை அவர் காத்திருக்க வேண்டுமா, அல்லது தாமே பகுத்துக்கொள்ள இயலுமா? இந்தக் கேள்விக்கு விடை காண மனித இனம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது.

நூலைப் பகுத்தறிவது புதிய தொல்லை அன்று. தமிழர் நன்கு அறிந்த தொல்லையே. பழைய ஓலைச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தோன்றாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் எளிதில் விளங்காது. எல்லாம் ஒரே ஓட்டமாக எழுதப்பட்டிருக்கும். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்ட உ. வே. சாமிநாத ஐயர் செய்த பெருந்தொண்டுகளுள் ஒன்று, அந்த ஓட்டத்தைப் பகுத்து, இது பாட்டு, இஃது உரை, இது மேற்கோள் என்று தனித்தனியே நிறுத்திக் காட்டியதாகும். பகுப்பதற்கு முன் பொருள் தெரிய வேண்டும். பகுத்த பின்னரோ பொருள் மேலும் தெளிவாகிறது. ஆகவே பகுத்தல் என்பது கத்தி பிடித்தவன் வேலை அன்று, கற்றவன் வேலை.

செவிவழிக் கல்வியும் நமக்குப் புதிதன்று. திருவள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். கண்ணொளி இழந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், முதுகில் விரலால் எழுதிக் காட்டச் செய்து எழுத்தறிந்தார் என்று கூறுவர். இரட்டைப் புலவர்களுள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமந்து சென்றார் என்பதும் நாம் அறிந்த வரலாறு. இவர்கள் புலமையிலே யாருக்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் ஒன்றைக் கருதுங்கள். நூலொன்றைத் தாமே எடுத்து, வேண்டிய இடத்தைத் தாமே திறந்து படிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. படித்துச் சொல்ல மற்றொருவர் அருகில் இருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தளையை முதலில் உடைத்தவர் பிரெஞ்சு நாட்டு லூயி பிரெயில். அவர் 1809-இல் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தார். ஆறு புள்ளிகளால் ஆன எழுத்து முறையைத் தம் 15-ஆம் வயதிலேயே, 1824-இல், வகுத்துவிட்டார். 1829-இல் அதனை நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 குறிகளை அமைக்கலாம். விரல் நுனி அவற்றைத் தடவிப் படிக்கும். பக்கம், பத்தி, தலைப்பு ஆகிய எல்லாம் விரலுக்குக் கிடைத்தன. நம் தமிழகத்தில் பாளையங்கோட்டையில் 1890-ஆம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். இந்திய மொழிகளுக்குப் பலவாறாக வழங்கிய பிரெயில் முறைகளை ஒழுங்குபடுத்தி, பாரதி பிரெயில் என்னும் பொது முறை 1951-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தமிழ் ககரத்துக்கும் இந்திக் ககரத்துக்கும் ஒரே புள்ளிக்குறி என்னும் ஒருமை அதனால் ஏற்பட்டது. அதே ஆண்டில் டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் அமைந்தது.

ஆனால் பிரெயில் நூல் பருமனானது. சாதாரண அச்சில் ஒரே தொகுதியாக உள்ள நூல், பிரெயிலில் பல தொகுதிகளாக விரியும். அன்றியும், வயது முதிர்ந்தபின் பார்வையை இழந்தவர்களின் விரல்கள் புள்ளிகளுக்கு எளிதில் பழகுவதில்லை. முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்கள் பலர் இவ்விடர்ப்பாட்டை அடைந்தனர். ஆகவே மக்கள் கருத்து மீண்டும் செவியின் பக்கம் திரும்பியது.

அதற்கு வேண்டிய கருவி முன்னரே பிறந்திருந்தது. 1877-இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தார். அதனால் என்னென்ன பயன் விளையும் என்று அடுத்த ஆண்டில் ஒரு கட்டுரையில் பட்டியலிட்டார். பார்வையற்றோர் எளிதில் கேட்டறியும் பேசும் நூல்கள் அப்பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பெற்றன. இசை அதற்குப் பின்னரே வந்தது. ஆயினும் எடிசனின் உருளை சில நிமிடங்களே ஓடியது. ஒரு நூலை அதில் அடக்க முற்படுவது கடலைச் செம்பில் முகப்பதை ஒக்கும்.

அமெரிக்க நாட்டில் 1931-இல் பார்வையற்றோர் நூல்களுக்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நாடாளுமன்ற நூலகத்தின் வாயிலாக ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஒதுக்கப்பட்டது. அமெரிக்கப் பார்வையற்றோர் நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் இர்வின் பேசும் நூலுக்காக அயராது பாடுபட்டார். அவரும் பார்வையற்றவரே. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் இசைத்தட்டில் பேசும் நூல்கள் 1934-இல் வெளிவந்தன. இங்கிலாந்தில், போரில் 1916-ஆம் ஆண்டு பார்வையை இழந்த இயன் பிரேசர் என்னும் படைத்தலைவரின் முயற்சியால் 1935-இல் அவை வெளிவந்தன. ஜோசப் கான்ராடின் கதை ஒன்றும், அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை ஒன்றும் அங்கே முதலில் வந்தவை. இசை கேட்கும் பொதுமக்களுக்கு நெடுநேர இசைத்தட்டைக் கொலம்பியா நிறுவனம் கடைகளுக்கு அனுப்பியது 1948-இல்தான். பார்வையற்றோர் நூல்களுக்கு அம்முறை 14 ஆண்டுகளுக்கு முன்பே பயன்பட்டுவிட்டது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு சிலருக்கென்று செய்த வசதி பின்னர் எல்லோருக்கும் பொதுவாவது வரலாற்றில் அடிக்கடி நிகழ்வது.

அமெரிக்கத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 15 நிமிடம் ஓடியது. 10 மணி நேர நூலுக்கு 40 பக்கங்கள், அதாவது 20 தட்டுகள் வேண்டும். சுமப்பது கடினமே. ஆனால் ஒரு நன்மையும் இருந்தது. நூல் தானாகவே 40 பகுதிகளாகப் பிரிந்து நின்றது. 11-ஆம் தட்டை எடுத்து முள்ளை வைத்தால், நூலின் நடுப்பகுதிக்கு வந்துவிடலாம். பகுப்பு இயலை ஒட்டி அமையவில்லை. தட்டின் அளவை ஒட்டி அமைந்தது. எனினும் படித்துறைகள் இருந்தன.

அடுத்து ஒலிநாடா வந்தது. காந்த நாடாவில் பதியும் கருவி 1935-இல் பெர்லின் பொருட்காட்சியில் வெளிப்பட்டது. போருக்குப் பின் உலகெங்கும் பரவியது. பிலிப்ஸ் நிறுவனம் கையடக்கமான காசெட்டை 1963-இல் வெளியிட்டது. பேசும் நூல்களுக்கென வேகத்தைப் பாதியாக்கி, நான்கு தடங்களில் பதியும் முறையும் கையாளப்பட்டது. 90 நிமிடக் காசெட்டு ஒன்றில் 6 மணி நேரப் பேச்சு அடங்கியது. 20 தட்டுகளின் சுமை சட்டைப் பைக்குள் சுருங்கியது. ஆனால் படித்துறைகள் மறைந்தன! நாடா தலையிலிருந்து வால்வரை ஒரே ஓட்டம். இதற்கு ஓர் உபாயம் கண்டனர். இயல் தொடங்கும் இடத்தில் மிகத் தாழ்ந்த சுருதியுடைய ஒலி ஒன்றைச் சேர்த்துப் பதிந்தனர். இயல்பான வேகத்தில் அது காதை உறுத்தாது. நாடாவை விரைந்து ஓட்டும்போது சுருதி உயர்ந்து, 'பீப்' என்று தெளிவாகக் கேட்கும். பீப்புகளை எண்ணிக்கொண்டே சென்று வேண்டிய இயலில் நிறுத்தலாம். எளிய உபாயம்; ஆயினும் அறிவு நிறைந்த உபாயம்.

வானொலி நிலையங்களிலே நாடாவை வெட்டி ஒட்டும் வேலை பல்லாண்டு நடைபெற்றது. விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் ஓடும் நாடாவில், ஒரு விநாடிப் பேச்சு ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் நீளம் பெறும். தொகுப்பவர் சுருளைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுவார். சொல் தொடங்கும் இடம் காதில் விழும். அவ்விடத்தில் அடையாளமிட்டு, நாடாவை ஒரு பள்ளத்தில் படியவைத்து, சவர அலகால் சாய்வாக அறுத்து, ஒட்டுநாடாவால் இணைப்பார். இந்த வேலையில் இன்றியமையாதது எது? காதும் விரலுமே அல்லவா? வெட்ட வேண்டிய இடத்தைக் கண் காட்டிக் கொடுப்பதில்லை. நாடா எங்கும் ஒரே பழுப்பு நிறம். பார்வையுள்ளவரும் அங்கே காதையே நம்பினார். ஆகவே நாடாவின் முன் பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் பெரும்பாலும் சமநிலையில் இருந்தனர் எனலாம்.

அந்தச் சமநிலையைக் குலைத்தது கணிப்பொறி. இது வியப்பாகத் தோன்றலாம். 1982-இல் குறுந்தட்டு வெளிவந்தது. ஒலி எண்ணாக மாறியது. விநாடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்பட்ட எண்கள். அவ்வெண்களைக் கணிப்பொறி திரையில் அலைகளாக வரைந்து காட்டியது. பேச்சுள்ள இடம் மலைபோல் உயர்ந்தும், மௌனம் உள்ள இடம் சமவெளிபோல் தாழ்ந்தும் தோன்றும். சுட்டெலியால் ஓரிடத்தைத் தொட்டு, இங்கே வெட்டு என்று சொல்லலாம். பார்வையுள்ளவருக்கு வேலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பார்வையற்றவருக்கோ வாயில் அடைபட்டது. காதுக்குரிய கலையைக் கணிப்பொறி கண்ணுக்குரிய கலையாக மாற்றிவிட்டது.

அடைபட்ட வாயிலைத் திறந்தது திரைவாசிப்பான். கணிப்பொறித் திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக்கிப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அப்பெயர். அச்சிட்ட தாளைப் படித்துச் சொல்லும் இயந்திரத்தை 1976-இல் ரேமண்ட் கர்ஸ்வைல் செய்து காட்டினார். திரையைப் படிக்கும் மென்பொருளை ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் ஆக்கினார். அது 1986-இல் வெளிவந்தது. அக்காலத்துத் திரையில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. அவை கணிப்பொறியின் நினைவகத்திலும் எழுத்துகளாகவே கிடந்தன. எடுத்துப் படிப்பது ஓரளவு எளிது. பின்னர் விண்டோஸ் போன்ற படமுறைத் திரைகள் வந்தன. எழுத்தும் படம், பொத்தானும் படம் என்றாயிற்று. படத்தைப் படிப்பது எவ்வாறு? பார்வையற்றோர் பெற்றிருந்த வேலைகளையும் இழக்க நேருமோ என்ற அச்சம் அந்நாளில் எழுந்தது.

மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்த டெட் ஹென்டர் 1978-இல் ஒரு விபத்தில் பார்வையை இழந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 'ஜாஸ்' என்னும் திரைவாசிப்பானை 1989-இல் வெளியிட்டது. விண்டோசுக்கு ஏற்ற வடிவம் 1995-இல் வந்தது. ஆனால் அதன் விலை எளியவர் கைக்கு எட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் இதனை எண்ணிப் பார்த்தார். கண்ணுள்ளவர் கணிப்பொறியை வாங்கியவுடன் திரையைப் பார்க்கிறார். பார்வையற்றவர் மட்டும் அதே திரையை அறிவதற்கு மேலும் பெருந்தொகை கொடுப்பது முறையாகுமா? 2006-இல் 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவருடைய நண்பர் ஜேம்ஸ் தே துணை நின்றார், அவரும் பார்வையற்றவரே. யாரும் விலையின்றிப் பெறலாம். யாரும் திருத்தி மேம்படுத்தலாம் என்று அதனை உலகுக்கு வழங்கினர். மங்கலம்பேட்டை மாணவர் கையில் இன்று திரைவாசிப்பான் இருக்க முடிகிறதென்றால், அந்த இரு நண்பர்களின் பெருந்தன்மையும் அதற்குக் காரணம்.

இங்கே தமிழுக்கென்று ஒரு தனி வரலாறு உண்டு. பல ஆண்டுகளாகத் தமிழைக் கணிப்பொறியில் எழுதியவர்கள் ஒரு தந்திரத்தைக் கையாண்டனர். உள்ளே ஆங்கில எழுத்துக்குரிய எண் இருக்கும்; மேலே தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கும். கண் மேற்போர்வையைப் பார்த்துத் தமிழ் என்று படிக்கும். திரைவாசிப்பானோ போர்வையைக் காணாது. உள்ளே உள்ளதையே படிக்கும். 'வரலாறு' என்று எழுதிய தலைப்பு, பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகக் காதில் விழும். எழுத்துருவுக்கு எழுத்துரு இம்முறை வேறுபட்டதால் குழப்பம் மேலும் பெருகியது. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒழுங்கு காண முயன்றது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனியெண் தரும் யூனிக்கோடு முறையைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றுக்கொண்டது. தமிழ் எழுத்துக்குத் தமிழ் எண்ணே உரியதான பின்னரே, திரைவாசிப்பான் தமிழைத் தமிழாகப் படிக்க வழி பிறந்தது.

எண் கிடைத்தால் போதுமா? குரலும் வேண்டுமன்றோ? ஜோனதன் டடிங்டன் என்பார் ஆக்கிய 'ஈஸ்பீக்' என்னும் சிறிய பேச்சுப் பொறி தமிழையும் பேசியது. அதன் குரல் இயந்திரத்தனமானது. ஆனால் விரைவாகப் பேசும், பழைய கணிப்பொறியிலும் ஓடும். பின்னர்ச் சென்னை ஐ.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், எஸ்.எஸ்.என். பொறியியற் கல்லூரி ஆகியவற்றின் ஆய்வாளர்கள் மனிதக் குரலை ஒத்த தமிழ்க் குரல்களை உருவாக்கினர்.

இனி, நம் மாணவர் 9 மணி நேரப் பதிவை எவ்வாறு பகுக்கிறார் என்று பார்ப்போம். 'அடாசிட்டி' என்பது அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒலித்தொகுப்பு மென்பொருள். இதற்கும் விலை இல்லை. இதில் செய்ய வேண்டிய பெரும்பாலான வேலைகளைச் சுட்டெலி இல்லாமல் விசைப்பலகையாலேயே செய்யலாம். இடைவெளி விசையை அழுத்தினால் பதிவு ஒலிக்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். ஓடும்போதே சதுர அடைப்புக்குறிகளுள் இடப்பக்கத்ததை அழுத்தினால் பகுதியின் தொடக்கம் குறிக்கப்படும். வலப்பக்கத்ததை அழுத்தினால் முடிவு குறிக்கப்படும். அங்கே ஓர் அடையாளச் சீட்டை இட்டு, '11 சோழர் ஆட்சிமுறை' என்பது போலப் பெயர் எழுதலாம். எழுதியதைத் திரைவாசிப்பான் உடனே படித்துக் காட்டும். 18 இடங்களிலும் இவ்வாறு அடையாளமிட்டபின், ஒரே கட்டளையால் 18 கோப்புகளும் தத்தம் பெயருடன் தனித்தனியே பிறந்துவிடும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது இரண்டு இடர்கள் தோன்றும். முதலாவது, ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள். பதிவில் படிக்கும் அன்பரின் குரல் ஒன்று. திரையைப் படிக்கும் இயந்திரக் குரல் மற்றொன்று. இரண்டும் கலந்தால் ஒன்றும் விளங்காது. பயின்றவர்கள் பதிவை நிறுத்திவிட்டு இயந்திரத்தைக் கேட்பார்கள். பதிவு ஓடும்போது இயந்திரத்தை வாய்மூடச் செய்வார்கள். இரு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்கும் நீதிபதியைப் போன்றது இந்நிலை.

இரண்டாவது இடர் மௌனத்தைப் பற்றியது. மௌனம் உள்ள இடங்களைத் தானே தேடிப் பகுக்கும் வசதி மென்பொருளில் உண்டு. இரண்டு விநாடிக்கு மேல் ஒலி தாழ்ந்திருந்தால் அங்கே பகு என்று ஆணையிடலாம். ஆனால் இயந்திரம் மௌனத்தை அறியுமே தவிர, மௌனத்தின் காரணத்தை அறியாது. படித்தவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருந்தால் அங்கே ஒரு புதிய இயல் பிறந்துவிடும். இயல் உண்மையாகவே முடியும் இடத்தில், தெருவில் ஒலிபெருக்கி முழங்கியிருந்தாலோ, தலைக்குமேல் மின்விசிறி இரைந்திருந்தாலோ, இரண்டு இயல்கள் ஒன்றாகிவிடும். ஆகவே இயந்திரம் காட்டும் இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, இது வாக்கிய முடிவா, பத்தி முடிவா, இயல் முடிவா என்று தீர்மானிப்பவர் மாணவரே. சுவடியின் முன் அமர்ந்த பதிப்பாசிரியர் செய்த வேலையும் இதுதான்.

மற்றொரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் நாள்தோறும் கேட்கும் எம்.பி.3 பதிவு, ஒலியைச் சிறுசிறு சட்டங்களாக அடுக்கி வைத்திருக்கிறது. ஒரு சட்டத்தில் 1,152 அளவீடுகள். விநாடிக்கு 44,100 அளவீடு என்னும் கணக்கில் ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லி விநாடி. சட்டத்தின் எல்லையில் வெட்டும் மென்பொருளைப் பயன்படுத்தினால் ஒலியை மீண்டும் சுருக்க வேண்டியதில்லை. தரம் குறையாது, வேலையும் விரைவில் முடியும். கோப்புக்கு எண்ணிடும்போது 1, 2, 3 என்று இடாமல் 01, 02, 03 என்று இடுவது நன்று. இல்லையேல் ஒலிக்கருவிகள் சில 1-க்கு அடுத்து 10-ஐயும் 11-ஐயும் ஒலித்துவிட்டு, அதன் பிறகே 2-க்கு வரும். சிறு செய்திதான், ஆனால் தேர்வுக்கு முந்திய இரவில் சிறு செய்தி என்று எதுவும் இல்லை.

பேசும் நூலுக்குத் தலைப்பும் பக்கமும் பொருளடக்கமும் தொடக்கத்திலேயே அமைத்துவிடும் முறையைச் சுவீடன் நாட்டுப் பேசும் நூலகத்தார் முதலில் வகுத்தனர். 1996-இல் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து 'டெய்சி' என்னும் கூட்டமைப்பை நிறுவின. டெய்சி நூலில் இயலுக்கு இயல், பத்திக்குப் பத்தி தாவிச் செல்லலாம். படித்துறைகள் மீண்டும் கட்டப்பட்டன. சட்டமும் வழிவிட்டது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது; மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை இலாப நோக்கின்றி ஆக்கித் தருவது குற்றமன்று என்றாயிற்று. 2013-இல் மொராக்கோ நாட்டு மராக்கேஷ் நகரில் இதே நோக்கத்துடன் உலக உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. 2014-இல் அதனை முதன்முதலாக உறுதி செய்த நாடு இந்தியா என்பது நமக்குப் பெருமை. 2016-இல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பட்டது.

ஆயினும் எல்லா நூலும் அந்நூலகங்களை வந்தடைவதில்லை. ஆசிரியரின் வகுப்புரை, உள்ளூர் வரலாற்றுச் சிறுநூல், தோழர் எழுதிய குறிப்பேடு, இவையெல்லாம் யாரேனும் ஒருவர் அன்போடு படித்துப் பதிவு செய்வதனால் மட்டுமே கிடைக்கின்றன. அவை இயலின்றி, தலைப்பின்றி, ஒரே ஓட்டமாகவே வருகின்றன. இங்கேதான் மாணவரின் சொந்தத் திறமை பயன்படுகிறது. பிறர் பகுத்துத் தந்தால் அவர்கள் பகுத்தவாறுதான் படிக்க வேண்டும். தாமே பகுத்தாலோ, 11-ஆம் இயலையும் காரணங்கள், நிகழ்ச்சிகள், விளைவுகள் என்று மூன்றாக்கிக் கொள்ளலாம். கடினமான பகுதியைத் தனியே வைத்து, பேருந்தில் செல்லும்போது நான்கு முறை கேட்கலாம். அடுத்த ஆண்டு அதே பாடத்தைப் படிக்க வரும் மற்றொரு பார்வையற்ற மாணவருக்கு ஒழுங்குற்ற நூலாக அதனைக் கொடுக்கலாம். பெறுபவராக இருந்தவர் கொடுப்பவராகிறார். ஒரு நூற்றாண்டு உழைப்பின் பயன் இதுவே என்று நான் கருதுகிறேன்.

மாணவ நேயர்களே! உங்களுள் பார்வையற்றோர் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், இக்கலை உங்கள் கைக்கு எட்டியது என்பதை அறிந்துகொள்ளுங்கள். சில நாட்கள் பொறுமையாகப் பழகினால் போதும். பார்வையுள்ள மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்புத் தோழருக்காக என்றேனும் நூலைப் படித்துப் பதிவு செய்ய நேர்ந்தால், அமைதியான அறையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் அதன் எண்ணையும் தலைப்பையும் தெளிவாகச் சொல்லுங்கள். இயல் முடிந்ததும் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். அந்த ஐந்து விநாடி உங்களுக்கு ஒன்றும் பெரிதல்ல. உங்கள் தோழருக்கு அஃது ஒரு நூலின் பக்கம் புரளும் இடம்.